புத்தகம் படிக்கிற நாம், ஒரு பாட்டியின் கடிதத்தைப் படிக்கவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டத்தன்று நடந்த ஒரு சின்ன விஷயம் மனதை விட்டுப் போக மறுக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். குழுவில் இருக்கிற யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்வதென்றால் முதல் ஆள் நான்தான்.

காரியாபட்டியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 4 மணிக்கு, ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் கூடுகிறோம் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு பேர், சில மாதம் பதினைந்து பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேர், ஒரு பழைய கிராம நிர்வாக அலுவலர், ஒரு தையல்காரர், மருந்துக்கடைத் தம்பி, இரண்டு விவசாயிகள், தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். கதை, கவிதையில் ஆரம்பித்தோம். பிறகு மெல்ல மெல்ல அரசியல், சமூகம், போராட்ட வரலாறு என்று போய்விட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

போன மாதம் எடுத்துக்கொண்டது பி. சாய்நாத் எழுதிய நூல். ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் உதவித்தொகை பெற்று, 1993 முதல் இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் சுற்றி அவர் எழுதிய கட்டுரைகள், 1996-ல் புத்தகமாக வந்தன. வறட்சி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். வறட்சி வந்தால் நிவாரணம் வரும், ஒப்பந்தம் வரும், லாரித் தண்ணீர் வரும், அதில் பிழைக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம் என்பது உள்ளர்த்தம். நம் தமிழ்நாட்டில் அவர் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும். 1985 மார்ச் வரைக்கும் நாமும் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள்தானே! அதில் வருகிற மிளகாய் விவசாயியையும், அவர் விளைச்சலை வாங்கி விலை வைக்கிற தரகரையும் பற்றிப் படித்தபோது, எங்கள் குழுவில் இருக்கிற விவசாயி சிரித்துக்கொண்டே, “இது எங்க அப்பா கதை டீச்சர், பேர மட்டும் மாத்திட்டாரு” என்றார்.

அந்தக் கூட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. நாலே முக்கால் மணி இருக்கும். கீழே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா. கையில் மஞ்சப்பை. “மேல படிச்சவுக இருக்காகன்னு டீக்கடையில சொன்னாக தாயி. ஒரு காயிதம் வந்திருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லணும்” என்றார்.

நான் சொன்னேன்: “கொஞ்சம் இருங்கம்மா, முடிச்சிட்டு வந்துர்றோம்.”

திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு மாடிக்குத் திரும்பினேன். ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது ஏன் போய்ச் சேருவதில்லை என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். நன்றாகத்தான் பேசினோம். கீழே இறங்கி வந்தபோது ஆறு மணி. திண்ணையில் யாரும் இல்லை. “மினி பஸ் போயிரும்னு கெளம்பிட்டாக” என்று எதிர்வீட்டுப் பிள்ளை சொன்னான்.

எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டு வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் குழுவில் இருக்கிற ஒரு பையன்தான் மினி பஸ் நடத்துநரிடம் விசாரித்து, ஆறு நாள் கழித்து ஊரைக் கண்டுபிடித்தான். நானும் அவனும் போனோம். காகிதத்தை வாங்கிப் படித்தேன். முதியோர் உதவித்தொகை பற்றிய கடிதம். பெயரில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது, இன்ன தேதிக்குள் இன்னின்ன ஆவணங்களோடு நேரில் வர வேண்டும், தவறினால் தொகை நிறுத்தப்படும் என்று இருந்தது. அந்தத் தேதி நாங்கள் போவதற்கு மூன்று நாள் முன்பே முடிந்துவிட்டது. கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை அன்று படித்திருந்தால் இன்னும் மூன்று நாள் கையில் இருந்திருக்கும்.

அந்த அம்மா கோபப்படவில்லை. “நீங்க வேலையா இருந்தீக தாயி” என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

திரும்பி வருகிற வழியில் அந்தப் பையன் கேட்டான்: “டீச்சர், மூணு வருசமா இத்தன புத்தகம் படிச்சிருக்கோம். இதால நம்ம ஊருக்கு என்ன ஆச்சு?”

வீட்டுக்கு வந்து குழுவின் வாட்ஸ்அப்பில் நடந்ததை எழுதினேன். இரண்டு கட்சி ஆகிவிட்டது. “படித்தால் மட்டும் போதுமா” என்று பழைய சிவாஜி படத் தலைப்பைப் போட்டு ஒருவர் ஆரம்பித்தார். மனு எழுதுவோம், போராடுவோம், இல்லையென்றால் கூட்டமே வேண்டாம் என்று ஒரு தரப்பு. நாம் வாசிப்புக் குழு, வாசிப்பதுதான் நம் வேலை, இதையெல்லாம் தொட்டால் கட்சிச் சாயம் பூசுவார்கள், ஆறு மாதத்தில் குழு உடைந்துவிடும் என்று இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பில் நானும் ரொம்ப நாளாக இருந்தவள்தான். இப்போது என் கருத்தை மாற்றிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அரசியல் வாசிப்பு நம் ஊர்ப் பக்கத்துக்குப் புதிது இல்லை. 1925-ல் ‘குடி அரசு’ தொடங்கிய காலத்திலிருந்தே பத்திரிகை என்பது தனியாக உட்கார்ந்து படிக்கிற பொருளாக இருக்கவில்லை. டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், படிப்பகத் திண்ணையில் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். தெரியாத இருபது பேர் கேட்பார்கள். கேட்டவர்கள் கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள், வீட்டில் போய்ச் சொல்வார்கள். நம் விருதுநகரில் 1931-ல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பள்ளிக்கூடமே எட்டாக்கனியாக இருந்த காலத்தில் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ அவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

படிப்பது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் வெள்ளைக்காரன் அதைப் பார்த்துப் பயந்திருக்க மாட்டான். பகத்சிங் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையை 1930-களில் ப. ஜீவானந்தம் தமிழாக்கினார். அது சிறு நூலாக வந்ததும், மொழிபெயர்த்த ஜீவாவையும், வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியையும் கைது செய்தார்கள். ஒரு சின்னப் புத்தகத்துக்கு அந்தப் பயம்!

சுதந்திரம் வந்த மறு வருடமே, 1948-ல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்கள் அதற்காகப் பாடுபட்டார்கள். இன்றைக்கும் நாம் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. கூலி வேலை செய்து ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் அதைக் கட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவின் குடும்பத்துக் காசும் அதில் இருக்கிறது. நூலகத்தில் நான் எடுத்து வருகிற ஒவ்வொரு புத்தகத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் மாடிப்படி ஏறாமல் கீழேயே நிற்கிறார்.

அடுத்து, எனக்கே நேரடியாகத் தெரிந்த ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு முப்பது வயது. பகலில் பள்ளிக்கூடம். ராத்திரி ஏழரைக்கு மேல் தெருவிளக்கடியில் வகுப்பு. கரிமூட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, களையெடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பெண்கள் வருவார்கள். ஆசிரியர் பயிற்சியில் நான் படித்த ‘அணில், ஆடு, இலை’ முறை அங்கே செல்லுபடியாகவில்லை. பெரியவர்களுக்கு அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொல்லிலிருந்து தொடங்கினால்தான் எழுத்து ஒட்டும். கூலி, பட்டா, ரேஷன், வட்டி. ‘வட்டி’ என்று எழுதிக் காட்டிய அன்று ராத்திரி பதினொன்று வரைக்கும் பேச்சு நிற்கவில்லை. எழுத்துப் பாடம் எப்போது கணக்குப் பாடமாக மாறியது, கணக்குப் பாடம் எப்போது நியாயப் பாடமாக மாறியது என்று எனக்கே தெரியாது. பிரேசில் நாட்டு பாவ்லோ பிரெய்ரே இதைத்தான் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் 1963-ல் செய்து பார்த்தார் என்று பின்னால்தான் படித்தேன். அடுத்த வருடம் அங்கே ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுத்ததற்குத்தான்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1991-ல் அங்கே அறிவொளி தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். படிக்க வந்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள். அவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தார்கள். சாய்நாத் புத்தகத்தில் புதுக்கோட்டை சைக்கிள் கதையும் வருகிறது. அதைக் கூட்டத்தில் படித்தபோது எல்லோரும் கை தட்டினோம்.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில் நடந்தது இன்னும் பெரிய கதை. அங்கேயும் அறிவொளி வகுப்புதான். குடியால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை பாடமாக வந்தது. படித்த பெண்கள், இது நம் வீட்டுக் கதைதானே என்றார்கள். படிப்பது அதோடு நிற்கவில்லை. 1992-ல் ஊரில் சாராயக் கடையை மூட வைத்தார்கள். பக்கத்து ஊர்களுக்குச் செய்தி போனது. மாவட்டம் முழுவதும் சாராய ஏலத்தை நடக்கவிடாமல் செய்தார்கள். 1993-ல் மாநிலத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் ஒரு வாசிப்பு வகுப்பு ஒரு அரசாங்கத்தையே அசைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூபகுண்டா பெண்கள் பெரிய பெரிய புத்தகம் எதையும் படிக்கவில்லை. ஒரு பாடம் படித்தார்கள். ஆனால் அந்தப் பாடத்தைத் தங்கள் தெருவோடு சேர்த்து வைத்துப் படித்தார்கள். நாங்கள் மூன்று வருடமாகப் படித்த எதையும் எங்கள் தெருவோடு சேர்த்து வைத்துப் படிக்கவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் அதுதான் வித்தியாசம்.

மூன்றாவது உதாரணம், நான் இந்தக் கருத்துக்கு வரக் காரணமானது. ராஜஸ்தானில் தேவ்டுங்ரி என்ற கிராமத்தில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் உள்ளூர்த் தொழிலாளர்கள், விவசாயிகளோடு சேர்ந்து 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அருணா ராய் நம் சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டுப் போனவர். அங்கே பஞ்சாயத்து வேலைகளில் கூலி சரியாக வரவில்லை. என்ன செய்தார்கள்? வருகைப் பதிவேட்டைக் காட்டு, பில்லைக் காட்டு என்று கேட்டார்கள். கையில் கிடைத்த நகல்களை 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில், ஜனங்களைக் கூட்டி வைத்து, உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான். இன்னார் இத்தனை நாள் வேலை செய்ததாகப் பதிவேடு சொல்கிறது என்று ஒருவர் படிக்க, அந்த ஆளே எழுந்து, நான் போகவே இல்லையே என்று சொல்ல, ஊழல் கண் முன்னால் வந்து நின்றது.

அந்த உரக்கப் படிக்கிற பழக்கம்தான் வளர்ந்து, 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணாவாகி, நாடு முழுவதும் பரவி, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. நம் தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1997-லேயே ஒரு மாநிலச் சட்டம் போட்டார்கள். இந்தியாவில் முதல். ஆனால் அதில் விதிவிலக்குகள் மிகுதி. இப்போதுள்ள மத்தியச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் பற்றியும் எங்கள் குழுவில் ஒரு புத்தகம் படித்திருக்கிறோம். பாராட்டியிருக்கிறோம். ஆனால் எங்களில் எத்தனை பேர் ஒரு முறையாவது அந்த 10 ரூபாய் வில்லையை ஒட்டி ஒரு கேள்வி கேட்டிருக்கிறோம்? கை தூக்கச் சொன்னால் பழைய வி.ஏ.ஓ. ஐயா மட்டும்தான் தூக்குவார். அவரும் தன் ஓய்வூதியத்துக்காகக் கேட்டவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 மே 1, மே தினத்தன்று, நம் ஆவியூர் அருகே கல்குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று பேர் உயிர் போனது. வீட்டுச் சன்னலெல்லாம் அதிர்ந்தது என்று சுற்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அந்த மாதக் கூட்டத்தில் நாங்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். பிறகு உட்கார்ந்து ரஷ்யப் புரட்சி பற்றிய புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். குவாரிக்கு எந்தெந்த நிபந்தனையில் அனுமதி தருகிறார்கள், வெடிமருந்து வைக்கிற இடம் வீடுகளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், அதை யார் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்கிற ஒரு தாளையாவது தேடிப் படிப்போம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. வாசிப்புக் குழு போராட்டக் குழுவாக மாற வேண்டியதில்லை. அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன, கட்சிகள் இருக்கின்றன. ஆனால் வாசிப்பது எங்கள் வேலை என்று சொல்கிற நாம், அந்த வேலையை முழுசாகச் செய்ய வேண்டும். புத்தகம் மட்டும் வாசிப்பு ஆகாது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிற வரவு செலவுக் கணக்கும் வாசிப்புதான். சாலை வேலை நடக்கிற இடத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதி வைத்திருக்கிற பலகையும் வாசிப்புதான். கிராம சபைக் கூட்டப் பொருளும் வாசிப்புதான். மஞ்சப்பையில் வருகிற கடிதம் எல்லாவற்றுக்கும் மேலான வாசிப்பு.

இதற்கு வருகிற மறுப்புகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

“கட்சிச் சாயம் பூசுவார்கள்.” பூசட்டும். ஒருவருக்கு வந்த கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டுவதில் என்ன கட்சி இருக்கிறது? நம் மேசையில் கொடி இருக்காது, தலைவர் படம் இருக்காது. எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பாட்டி வந்தாலும் படித்துக் காட்டுவோம். எல்லா நிறத்தையும் பூசிப் பார்த்துவிட்டு அவர்களே களைத்துவிடுவார்கள்.

“வேலையில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வரும்.” நியாயமான பயம். அதனால்தான் ஓய்வு பெற்ற நாங்கள் முன்னால் உட்கார வேண்டும் என்கிறேன். எங்களுக்கு இனிமேல் இடமாறுதல் எங்கே வரப்போகிறது? பணியில் இருக்கிற தம்பிகள் புத்தகத்தோடு நிற்கட்டும், தப்பில்லை.

“இது எழுத்தர் வேலை, இதற்கு எதற்கு வாசிப்புக் குழு?” இந்த மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வெறும் மனு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் நம்மைவிட நன்றாக எழுதுவார். நாம் செய்ய வேண்டியது வேறு. ஒரு பாட்டிக்கு உதவித்தொகை நின்றால் அது அவர் பிரச்சினை. ஒரே மாதத்தில் ஐந்து பாட்டிகள் ஒரே மாதிரிக் கடிதத்தோடு வந்தால் அது ஊர்ப் பிரச்சினை. அந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, ஏன் என்று கேட்கிற கண், புத்தகம் படித்ததால் வருவது. சாய்நாத் புத்தகம் கற்றுக்கொடுப்பதே அந்தக் கண்ணைத்தான். புத்தகம் இல்லாமல் காகிதத்தை மட்டும் படித்தால் நாம் எழுத்தர். காகிதத்தைத் தொடாமல் புத்தகத்தை மட்டும் படித்தால் நாம் மாடியில் இருப்பவர்கள். இரண்டும் வேண்டும்.

“குழு உடைந்துவிடும்.” இதுதான் எல்லோருக்கும் உள்ளே இருக்கிற பயம். இதற்கு ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்கிறேன். நம் குழு ஏற்கனவே ஒரு விஷயத்தில் பயந்துகொண்டுதான் ஒற்றுமையாக இருக்கிறது. அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ நூலை எடுக்கலாம் என்று இரண்டு முறை பேச்சு வந்தது. இரண்டு முறையும் “அடுத்த மாசம் பாக்கலாம்” என்று தள்ளிப் போட்டோம். பிரெஞ்சுப் புரட்சி பற்றி விடிய விடியப் பேசுவோம். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவருக்கு நடந்த கொடுமை பற்றிப் பேசும்போது கண் கலங்குவோம். நம் ஊர்ச் சாதி என்றதும் டீ குடிக்கப் போய்விடுவோம். 1957-ல் முதுகுளத்தூர்ப் பக்கம் நடந்ததை நம் பெற்றோர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். இத்தனை வருடம் கழித்தும் நாம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம். அப்போது பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் கையில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்ததை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவிழ்க்கச் சொல்லியும் இருக்கிறேன். ஏன் அவிழ்க்க வேண்டும் என்று உட்கார வைத்துப் பேசினேனா என்றால், இல்லை. பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது.

அந்த நூலின் கதையே நமக்குப் பாடம். 1936-ல் லாகூரில் ஒரு சாதி ஒழிப்பு அமைப்பே அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு, இதை மாற்றுங்கள் என்றது. ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுத்தார். கூட்டம் ரத்து. அவர் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சடித்தார். கூட்டம் நடக்கவில்லை. ஆனால் அந்த உரையை இன்றைக்கும் உலகம் படிக்கிறது. அழைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மைப் போல நல்லவர்கள். தங்கள் சபை உடைந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள். அவ்வளவுதான்.

உடையாமல் இருப்பது மட்டும் ஒரு குழுவுக்குப் பெருமை ஆகாது. ஒரு புத்தகத்தைப் படித்ததால் ஒருவர் வராமல் போனால் வருத்தம்தான். வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வருவோம். ஆனால் அவர் வராமல் போய்விடுவாரோ என்று புத்தகத்தையே எடுக்காமல் இருந்தால், நாம் கூடுவது எதற்காக?

கடைசியாகப் பெண்கள் விஷயம். எங்கள் குழுவில் பெண்கள் மூன்றே பேர். மூவரும் டீச்சர்கள். ஏன் வேறு பெண்கள் வருவதில்லை என்று அடிக்கடி கவலைப்படுவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணி என்பது வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் இருக்கிற நேரம், அடுப்படியில் வேலை இருக்கிற நேரம் என்பதை நாங்களே மறந்துவிட்டோம். அறிவொளியில் ராத்திரி ஏழரைக்கு வகுப்பு வைத்தது அவர்கள் நேரத்துக்காக. வாசிப்புக் குழுவை 4 மணிக்கு வைத்தது எங்கள் நேரத்துக்காக. மாதத்தில் ஒரு நாள் கூடுதலாக, வார நாளில், பெண்கள் சொல்கிற நேரத்தில், அவர்கள் இருக்கிற தெருவில் உட்காரலாம். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம். கேட்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை என்பதை நம் டீக்கடைகள் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டன.

குழு நண்பர்கள் முன்னால் நான் வைப்பது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை 3 மணிக்கே வந்துவிடுவோம். மாடி ஏறுவதற்கு முன்னால் கீழே திண்ணையில் ஒரு மேசை. யார் எந்தக் காகிதம் கொண்டு வந்தாலும் படித்துச் சொல்வோம். வந்தவர் பெயர், ஊர், என்ன காகிதம், எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்போம். மனு எழுத வேண்டுமென்றால் அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி, எழுதியதைத் திரும்ப அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்தோ ரேகையோ வாங்குவோம். ஒரு பைசா வாங்க மாட்டோம். 4 மணிக்கு மேலே போய்ப் புத்தகம். கடைசி அரை மணி நேரம் அந்த நோட்டு. வருடத்தில் ஆறு நாள் கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்மில் கிராமத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் ஒன்றுக்காவது போய், அங்கே வாசித்த கணக்கை வந்து சொல்ல வேண்டும். அதுவும் புத்தக மதிப்புரை மாதிரிதான்.

இதில் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாதத்துக்குப் பத்துப் பேருக்குக் காகிதம் படித்துக் காட்டினால், ஒரு வருடத்தில் இந்த வட்டாரத்தில் எந்தக் காகிதம் யாரை எப்படி அலைக்கழிக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு சாய்நாத்தைத் திரும்பப் படித்தால், அது வேறு புத்தகமாகத் தெரியும்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போய் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது வாங்கியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன். எனக்காக அவர் திண்ணையில் காத்திருந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

இதைப் படிக்கிற காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டார நண்பர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஞாயிறு 3 மணி, கீழே திண்ணையில். மேலே 4 மணிக்கு அம்பேத்கர். இந்த முறை தள்ளிப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, பதில் சொல்கிறேன்.